ஜீன்ஸா, பட்டுப் புடவையா? 18 மணி நேர ஃப்ளைட்டுக்கு என்ன உடுத்தலாம்: ஒரு அம்மாவுக்கு டாக்டர் பதில்

டெல்டா பக்கம் ஒரு ஊர்லேர்ந்து ரிட்டயர்டு டீச்சர் ஒருத்தங்க நீளமா ஒரு கடிதம் எழுதியிருக்காங்க. வயசு 61. அடையாளம் தெரிய வேணாம்னு கேட்டுக்கிட்டதால சில விவரங்களை மாத்திட்டேன், விஷயம் அவங்க எழுதினதுதான்.

மகள் நியூ ஜெர்சியில இருக்காங்க, இப்ப ஏழு மாசம். வளைகாப்பையும் பிரசவத்தையும் கூட இருந்து பார்த்துட்டு வர்றதுக்காக அம்மா நவம்பர் கடைசியில தனியா கிளம்புறாங்க. சென்னையிலேர்ந்து துபாய், அங்கேர்ந்து நியூயார்க். முதல் விமானப் பயணம். பி.பி.க்கு அம்லோடிபின் போடுறாங்க, சுகருக்கு மெட்ஃபார்மின். இடது கால்ல வெரிகோஸ் வெயின் இருக்கு, சாயங்காலம் ஆனா ரெண்டு கணுக்காலும் லேசா வீங்கிடும். புடவையும் வீட்ல நைட்டியும் தவிர வேற எதுவும் உடுத்திப் பழக்கமில்ல.

மகள் என்னன்னா, "அம்மா, ஜீன்ஸும் டாப்ஸும் போட்டுட்டு வா, அதுதான் வசதி, புடவைல வந்தா செக்கிங்ல நிக்க வச்சுடுவாங்க"ன்னு சொல்லி ஜீன்ஸே வாங்கி அனுப்பிட்டாங்க. நாத்தனார் என்னன்னா, "சம்பந்தி வீட்டுக்காரங்க ஏர்போர்ட்டுக்கே வர்றாங்க, பட்டுப் புடவைல போய் இறங்கு, கௌரவமா இருக்கும்"ங்கறாங்க. பக்கத்து வீட்டுக்காரர் கால் வீங்காம இருக்க கிரேப் பேண்டேஜ் சுத்திக்கோங்க, ஒரு ஆஸ்பிரினும் போட்டுக்கோங்கன்னு சொல்லியிருக்கார். ஜவுளிக்கடையில "டைட் லெக்கிங்ஸ் போட்டா ஸ்டாக்கிங்ஸ் மாதிரியே வேலை செய்யும்"னு சொல்லி ரெண்டு வித்துட்டாங்க. தாலியைக் கழட்டச் சொல்வாங்களோங்கற பயம் தனியா இருக்கு. கடைசியா ஒரு வரி எழுதியிருக்காங்க, "எல்லாரும் ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க டாக்டர், எனக்கு நல்லாவும் இருக்கணும், உடம்புக்கும் ஒண்ணும் ஆகக்கூடாது, ரெண்டும் கேட்டா அதிகமா?"

அம்மா, அதிகமே இல்ல. ரெண்டுமே நடக்கும். சொல்லப்போனா உடம்புக்கு எது சரியோ அதைப் பார்த்துப் பார்த்து எடுத்தீங்கன்னா, 18 மணி நேரம் கழிச்சு இறங்குறப்போ கசங்காம களையா இருக்கறதும் நீங்களாத்தான் இருப்பீங்க. கசங்கிப் போய், கால் வீங்கி, இடுப்பைப் புடிச்சுக்கிட்டு இறங்குறவங்க மேல எவ்வளவு விலை உயர்ந்த பட்டு இருந்தாலும் அது எடுபடாது.

மொதல்ல ஒரு விஷயம். புடவையா ஜீன்ஸாங்கறது உங்க முடிவு. மகளும் நாத்தனாரும் பாசத்துலதான் சொல்றாங்க, ஆனா அந்த சீட்ல உக்காரப் போறது நீங்க. 40 வருஷமா உங்க உடம்புக்குப் பழகின உடையை, வாழ்க்கையோட மிக நீளமான பயணத்தன்னைக்கு மாத்திப் பாக்கறது நல்ல யோசனை இல்ல. நான் உங்களுக்குச் சொல்றது புடவைதான், ஆனா நீங்க நெனச்சுட்டு இருக்கற புடவை இல்ல, கட்டிட்டு இருக்கற விதமும் இல்ல.

புடவை கட்டினா ஏதாவது சொல்வாங்களா?

சொல்ல மாட்டாங்க. விமானப் பயணிக்கு இதுதான் உடைன்னு ஒரு சட்டம் இந்தியாவுலயும் இல்ல, அமெரிக்காவுலயும் இல்ல. சில ஏர்லைன்ஸ் தங்களோட நிபந்தனைகள்ல வெறுங்காலோட வரக்கூடாது, ஆபாசமா உடுத்தக்கூடாதுன்னு எழுதி வச்சிருக்காங்க, 2025 ஜனவரியில அமெரிக்காவோட ஸ்பிரிட் ஏர்லைன்ஸ் இதை இன்னும் விளக்கமா எழுதினாங்க, அவ்வளவுதான். அதே வருஷம் நவம்பர்ல அமெரிக்கப் போக்குவரத்துத் துறை அமைச்சர் ஷான் டஃபி, பைஜாமாவும் ஸ்லிப்பரும் போட்டுட்டு ஏர்போர்ட்டுக்கு வராதீங்க, கொஞ்சம் நல்லா உடுத்திட்டு வாங்கன்னு மக்களைக் கேட்டுக்கிட்டார். அந்த ஊர் நெலமை அது. புடவையைப் பாத்து யாரும் முகம் சுளிக்கப் போறதில்ல. ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ்ல மயில் டிசைன் போட்ட புடவையைக் கட்டிட்டுத்தான் பெண்கள் விமானத்துக்குள்ள வேலையே பாக்கறாங்க. ஏர் இந்தியாவுல 2023 கடைசியில வந்த புது யூனிஃபார்ம்லயும் புடவை இருக்கு, அது ரெடிமேடா தச்ச புடவை, வேணும்னா பேண்ட்டோட போட்டுக்கற மாதிரி. நடந்துக்கிட்டே வேலை செய்யறவங்களுக்கே அது முடியுதுன்னா உக்காந்துட்டுப் போற உங்களுக்கு முடியாதா.

மகள் சொன்னதுல ஒரு பாதி உண்மை இருக்கு. லூஸா, மடிப்பு மடிப்பா இருக்கற உடைன்னா செக்கிங்ல கையால தடவிப் பாக்க வாய்ப்பு அதிகம். அது ரெண்டு மூணு நிமிஷ வேலை, குத்தம் இல்ல, பயப்படவும் ஒண்ணும் இல்ல. அதைப் பத்திக் கீழ சொல்றேன்.

மேல போனதும் உடம்புக்கு என்ன ஆகுது

இதைப் புரிஞ்சுக்கிட்டீங்கன்னா எந்தத் துணி, எந்த அளவுங்கறதெல்லாம் உங்களுக்கே தெரிஞ்சுடும்.

விமானத்துக்குள்ள காத்தழுத்தம் தரையில இருக்கற மாதிரி இருக்காது, 6,000 லேர்ந்து 8,000 அடி உயர மலை மேல இருக்கற அளவுக்குத்தான் இருக்கும், அதாவது ஊட்டி, கொடைக்கானல் உயரம்னு வச்சுக்கோங்க. அழுத்தம் கொறையறப்போ வயித்துக்குள்ள இருக்கற வாயு விரியும், கால் பங்குலேர்ந்து மூணுல ஒரு பங்கு வரைக்கும் கூடும். அதான் ஃப்ளைட்ல எல்லாருக்கும் வயிறு உப்பிக்கற மாதிரி இருக்கறது. அந்த நேரத்துல இடுப்புல பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டியிருந்தா என்ன ஆகும்னு யோசிங்க. ஜீன்ஸ் பட்டன்னா இன்னும் மோசம், நாடாவையாவது பாத்ரூம் போய்த் தளர்த்தலாம்.

ரெண்டாவது, உள்ள காத்துல ஈரப்பதம் ரொம்பக் கம்மி, 10 லேர்ந்து 20 சதவீதம்தான். தோல், உதடு, கண்ணெல்லாம் வறண்டுடும். நைட்டு ஆனா குளிரும்.

மூணாவதுதான் உங்களுக்கு முக்கியம். கால்லேர்ந்து ரத்தத்தை மேல தள்ளுறது கெண்டைக்கால் தசை, நாம நடக்கறப்போ அது பம்பு மாதிரி அமுக்கி அமுக்கி விடுது. மணிக்கணக்கா காலைத் தொங்கப் போட்டு உக்காந்தா பம்பு நின்னுடுது, ரத்தம் கால்லயே தேங்குது, தண்ணி கசிஞ்சு வீக்கம் வருது. சில பேருக்குக் கால்ல ஆழமா இருக்கற ரத்தக்குழாய்ல ரத்தம் உறையவும் செய்யும். 2007 ல உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட ஆய்வுல 4 மணி நேரத்துக்கு மேல அசையாம உக்காந்து பயணம் பண்ணினா இந்த ரத்த உறைவு அபாயம் ஏறக்குறைய ரெண்டு மடங்காகுதுன்னு சொன்னாங்க, ஃப்ளைட்னு இல்ல, பஸ், ட்ரெயின், கார்லயும்தான். ஆனா ரெண்டு மடங்குன்னதும் பயந்துடாதீங்க, ஆரோக்கியமானவங்கள்ல ஏறக்குறைய 6,000 பேர்ல ஒருத்தருக்குத்தான் இது வருது. உங்களுக்கு வயசும் வெரிகோஸும் சேர்றதால கொஞ்சம் கூடுதல் கவனம் வேணும்ங்கறேன். பயணமே வேணாம்னு சொல்ற அளவுக்கு இதுல எதுவும் இல்ல.

பேண்டேஜ், லெக்கிங்ஸ், ஆஸ்பிரின்: மூணும் வேணாம்

பக்கத்து வீட்டுக்காரரும் ஜவுளிக்கடைக்காரங்களும் நல்ல எண்ணத்துலதான் சொல்லியிருக்காங்க, ஆனா மூணுமே தப்பு. கிரேப் பேண்டேஜை நாமளே சுத்தினா ஒரு எடத்துல இறுக்கமாவும் ஒரு எடத்துல தொளதொளன்னும் இருக்கும், கொஞ்ச நேரத்துல சுருண்டு ஒரு கயிறு மாதிரி ஆகி முழங்காலுக்குக் கீழ கட்டு போட்டுடும். ரத்தம் மேல ஏறாம அதுவே தடுத்துடும். டைட் லெக்கிங்ஸ் தொடையிலயும் இடுப்புலயும் புடிக்கும், கணுக்கால்ல லூஸா இருக்கும், நமக்கு வேண்டியது அதுக்கு நேர் எதிரானது. ஆஸ்பிரின் பத்தி அமெரிக்க நெஞ்சுநோய் டாக்டர்கள் சங்கம் 2012 ல கொடுத்த வழிகாட்டுதல்லயே நீண்ட பயணத்துக்காக மட்டும் ஆஸ்பிரினோ ரத்தம் உறையாம இருக்கற மருந்தோ போட வேணாம்னுதான் இருக்கு. வயித்துப் புண், ரத்தக் கசிவுன்னு வேற தொல்லை வரும். உங்க டாக்டர் இதயத்துக்காக எழுதித் தந்திருந்தா அது வேற விஷயம், அதை நிறுத்தக்கூடாது.

உங்களுக்கு வேண்டியது கம்ப்ரெஷன் ஸ்டாக்கிங்ஸ். கணுக்கால்ல அழுத்தம் அதிகமா ஆரம்பிச்சு மேல போகப் போகக் கொறையற மாதிரி நெய்ஞ்சிருப்பாங்க, முழங்காலுக்குக் கீழ வரைக்கும் இருந்தா போதும். பயணத்துக்கு லேசான வகை, கணுக்கால்ல 15 லேர்ந்து 20 mmHg அழுத்தம்னு பெட்டியில போட்டிருக்கும். இதுக்கு ஆதாரம் நல்லாவே இருக்கு. காக்ரேன் அமைப்பு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பாத்தப்போ, 2,600 பேருக்கு மேல இருந்த பயணிகள்ல அறிகுறி தெரியாத ரத்த உறைவு 50 பேருக்கு இருந்துச்சு, அதுல 47 பேர் ஸ்டாக்கிங்ஸ் போடாதவங்க, போட்டவங்க 3 பேர்தான். கால் வீக்கமும் போட்டவங்களுக்குக் கம்மி.

ஆனா அம்மா, உங்களுக்கு சுகர் இருக்கறதால கடையில போய் நேரா வாங்கிடாதீங்க. பாதத்துல உணர்ச்சி சரியா இருக்கா, கால்ல நாடித்துடிப்பு நல்லா கெடைக்குதான்னு உங்க டாக்டர் ஒரு தடவை பாக்கணும். மரத்துப் போன காலுக்கோ ரத்த ஓட்டம் கொறைஞ்ச காலுக்கோ இதைப் போட்டா புண்ணாகறது கூடத் தெரியாது. சரின்னு அவர் சொன்னதுக்கப்புறம் காலையில எழுந்ததும், வீக்கம் வர்றதுக்கு முன்னாடி, கணுக்கால் சுத்தளவும் கெண்டைக்கால் சுத்தளவும் எடுத்துட்டுப் போய் வாங்குங்க. வீட்டுலயே நாலஞ்சு நாள் போட்டுப் பழகுங்க, மொதல் தடவை போட்டுக்கறதுக்கே ஒரு போராட்டமா இருக்கும். மேல் ஓரத்தை மடிச்சு விடக்கூடாது, எங்கயும் சுருக்கம் இருக்கக்கூடாது. மெட்டி போட்டிருப்பீங்க இல்லையா, விரல் மூடின ஸ்டாக்கிங்ஸ்னா மெட்டி உள்ள அழுந்தி விரல் கன்னிப்போகும், அதனால விரல் திறந்த வகையாப் பாத்துக் கேளுங்க. இதெல்லாம் புடவைக்கு உள்ள இருக்கறது, வெளியில யாருக்கும் தெரியாது. இதுலயும் ஜீன்ஸை விட புடவைதான் சௌகரியம்.

இன்னொண்ணு, அம்லோடிபினே சில பேருக்குக் கணுக்கால் வீக்கத்தைக் கொடுக்கும். ரெண்டு காலும் சாயங்காலத்துல வீங்குதுன்னு எழுதியிருக்கீங்களே, அதுக்கு மாத்திரையும் ஒரு காரணமா இருக்கலாம். நீங்களா நிறுத்திடாதீங்க, டாக்டரைப் பாக்கறப்போ இதையும் கேளுங்க, மாத்தணும்னா கிளம்பறதுக்கு சில வாரம் முன்னாடியே மாத்தி பி.பி. நிலையாகட்டும்.

அப்ப எந்தப் புடவை, எப்படி

பட்டு வேணாம். சரிகை போட்ட காஞ்சிபுரம் பட்டு கனம், உக்காந்து உக்காந்து மடிப்பு விழுந்தா நேராகாது, ஒரு சொட்டு தண்ணி பட்டா கறை, போதாததுக்கு சரிகையில உலோகம் இருக்கறதால செக்கிங்லயும் கூடுதலா பாக்கலாம். அதைப் பெட்டியில வச்சு எடுத்துட்டுப் போங்க, வளைகாப்புக்குக் கட்டுங்க, அதுக்குத்தான் அது அழகு. அதே மாதிரி பாலியஸ்டர், நைலான் கலந்த ஜார்ஜெட், "ஆர்ட் சில்க்" எல்லாம் கசங்காதுன்னு சொல்லி விப்பாங்க, கசங்காதுதான், ஆனா வேர்வையை இழுக்காது, இன்னொரு பெரிய காரணம், அவசரத்துல தீயோ சூடோ பட்டா சிந்தெட்டிக் உருகித் தோல்ல ஒட்டிக்கும். பருத்தி அப்படிச் செய்யாது. அது நடக்கப்போறதே இல்லதான், ஆனா ரெண்டு துணியும் ஒரே வெலையில கெடைக்கறப்போ நல்லதை எடுத்துக்கலாமே.

நான் சொல்றது நல்ல மெல்லிசான பருத்தி. மதுரை சுங்குடி எடுத்துக்கோங்க, லேசா இருக்கும், காத்து போகும், கட்டுப்புள்ளி டிசைன்ல கசங்கல் கண்ணுக்கே தெரியாது. ரெண்டு மூணு தடவை துவைச்சு கஞ்சி போடாம மெத்துனு ஆன சுங்குடி மாதிரி ஃப்ளைட்டுக்கு ஏத்த துணி நான் வேற பாக்கல. நெகமம் காட்டனும் நல்லா இருக்கும், ஆனா கொஞ்சம் கனமான ரகம் தவிர்த்துடுங்க. செட்டிநாட்டுக் கண்டாங்கி எனக்கு ரொம்பப் புடிக்கும், ஆனா முரடா, வெயிட்டா இருக்கும், 18 மணி நேரத்துக்கு அது வேணாம்.

பாவாடை விஷயத்துலதான் நெறைய பேர் கோட்டை விடறாங்க. மெல்லிசான நாடாவை இறுக்கிக் கட்டிக் கட்டி இடுப்புல கருப்பா ஒரு கோடு விழுந்திருக்கும், உங்களுக்கும் இருக்கும்னு நெனைக்கிறேன். இந்தப் பயணத்துக்குன்னு ஒரு பருத்திப் பாவாடை தைக்கச் சொல்லுங்க, இடுப்புல அகலமான பட்டி, அதுல நாடா பாதி எலாஸ்டிக் பாதி இருக்கட்டும், கட்டினதுக்கப்புறம் ரெண்டு விரல் தாராளமா உள்ள போகணும். இப்ப பாவாடைக்குப் பதிலா சாரி ஷேப்வேர்னு ஒண்ணு எல்லாரும் போடறாங்க, ஒல்லியாக் காட்டும், கல்யாணத்துக்கு ரெண்டு மணி நேரம் போட்டுக்கலாம், ஃப்ளைட்ல கண்டிப்பா வேணாம். இடுப்புலேர்ந்து முழங்கால் வரைக்கும் கவ்விப் புடிக்கற துணியோட 14 மணி நேரம் உக்காந்தா வயிறும் உப்பி, ரத்த ஓட்டமும் கெட்டு, பாத்ரூம்லயும் அவஸ்தை.

பாத்ரூம்னு சொன்னதால அதையும் சொல்லிடறேன், எழுத நீங்க கூச்சப்பட்டிருக்கீங்கன்னு தெரியுது. உள்ள ரொம்பச் சின்ன எடம், தரை ஈரமா இருக்கும். கொசுவத்தை முன்னாடியே மடிச்சு உள்பக்கமா தச்சு வச்சுட்டீங்கன்னா, இல்ல டெய்லர்கிட்ட கொடுத்து அந்த ஒரு புடவையை ரெடிமேடா தச்சு வாங்கிட்டீங்கன்னா, மொத்தத்தையும் ஒரு கையால தூக்கிப் புடிக்க முடியும், கலையாது, மறுபடி கட்ட வேண்டியதில்ல. புடவை தரையைத் தொடாம கணுக்கால் தெரியற மாதிரி ரெண்டு அங்குலம் ஏத்திக் கட்டுங்க. பாத்ரூமுக்காக மட்டும் சொல்லல, ஏர்போர்ட்ல எஸ்கலேட்டர் நெறைய இருக்கும், புடவை ஓரமும் முந்தானையும் அதுல மாட்டறது நிஜமான ஆபத்து. லிஃப்ட் எங்கன்னு கேட்டு அதுலயே போங்க. வீல்சேர் கேட்டிருந்தாலும் முந்தானையை இடுப்புல செருகிட்டு உக்காருங்க, சக்கரத்துல சுத்திக்கும்.

தண்ணி குடிச்சா பாத்ரூம் போகணுமேன்னு குடிக்காம மட்டும் இருந்துடாதீங்க, நம்ம அம்மாக்கள் எல்லாரும் செய்யற தப்பு இது. குடிங்க, போங்க, அந்தச் சாக்குல நடக்கவும் செய்வீங்க. நடைவழி ஓரத்து சீட்டாக் கேட்டு வாங்குங்க.

ப்ளவுஸ் பருத்தியில, முக்கால் கை, அக்குள்ல புடிக்காம கொஞ்சம் லூஸா. உள்ளாடையில கம்பி இருந்தா செக்கிங்ல சத்தம் வரும், நெஞ்சையும் அழுத்தும், கம்பியில்லாததாப் போடுங்க. மேல ஒரு கம்பளிச் சால்வை, முன்பக்கம் திறக்கற ஸ்வெட்டர். நியூயார்க்ல நவம்பர் கடைசின்னா வெளியில நம்ம மார்கழி மாதிரி இல்ல, 5 டிகிரிக்கும் கீழ போகலாம், அதனால கனமான ஜாக்கெட்டை பெட்டியில போடாம கைப்பையிலயே வச்சுக்கோங்க.

மகள் வாங்கித் தந்த ஜீன்ஸ் வீணாப் போகுதேன்னு வருத்தம் வேணாம். அங்க போய் குளிர்ல வாக்கிங் போறப்போ புடிச்சா போட்டுப் பாருங்க. உங்களுக்கே சுடிதார் மாதிரி ஏதாவது ஆசை இருந்தா அதையும் நான் வேணாம்னு சொல்ல மாட்டேன், லூஸான காட்டன் குர்த்தியும் பேண்ட்டும் ஃப்ளைட்டுக்கு ரொம்பவே நல்ல உடை, ஆனா கிளம்பறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியாவது வீட்ல போட்டுப் பழகிடணும். பலாஸ்ஸோ வேணாம், அகலமான கால் பாத்ரூம் தரையில புரளும்.

செருப்பு இல்ல, ஷூ. வாங்குறப்போ சாயங்காலம் கால் வீங்கினதுக்கப்புறம் ஸ்டாக்கிங்ஸோட போய்ப் போட்டுப் பாத்து, அரை சைஸ் பெருசா, வெல்க்ரோ பட்டி வச்சதா வாங்குங்க, வீக்கத்துக்கு ஏத்த மாதிரி தளர்த்திக்கலாம். விமானம் மேல கிளம்பறப்பவும் தரையிறங்கறப்பவும் ஷூவைக் கழட்டாதீங்க. ஒரு அவசரம்னா எல்லாரையும் 90 நொடியில வெளியேத்தற மாதிரிதான் விமானத்தை வடிவமைச்சு சோதனை பண்ணியிருக்காங்க, அந்த நேரத்துல காலுக்கடியில ஷூ தேடிட்டு இருக்க முடியாது. ஹீல்ஸ்னா கழட்டிடச் சொல்வாங்க, சறுக்குற ஸ்லைடைக் கிழிச்சுடும்னு. சுகர் இருக்கறவங்க வெறுங்காலோட நடக்கவே கூடாது, சாக்ஸோட மட்டும் பாத்ரூம் போறதும் கூடாது.

தாலி, வளையல், செக்கிங்

தாலியைக் கழட்டணும்னு விதி எதுவும் இல்ல அம்மா. சென்னையில பெண்களுக்குத் தனி வரிசை இருக்கும், திரை போட்ட சின்ன அறைக்குள்ள சி.ஐ.எஸ்.எஃப். பெண் காவலர்தான் கையில இருக்கற கருவியை வச்சு சோதிப்பாங்க. துபாய்ல மாறுறப்பவும் ஒரு செக்கிங் இருக்கும். சத்தம் வந்தா தாலிச் செயினை எடுத்து வெளியில காமிங்க, போதும். யாராவது கழட்டச் சொன்னா பதறாம, "பெண் அதிகாரி வேணும், தனி அறையில பாருங்க"ன்னு கேளுங்க. திரும்பி வர்றப்போ நியூயார்க்ல நடக்கற சோதனையில இதைக் கேக்கறது உங்க உரிமையே, தடவிப் பாக்கறது பெண் அதிகாரிதான், கூட ஒருத்தரையும் வச்சுக்கலாம். அங்க ஷூவைக் கழட்டற விதியையும் 2025 ஜூலையில எடுத்துட்டாங்க.

தாலிக்கொடியில நாலஞ்சு ஊக்கு கோத்து வச்சிருப்பீங்களே, அதையெல்லாம் எடுத்துடுங்க. தோள்ல ஒரே ஒரு ஊக்கு போதும், தூங்குறப்போ குத்தாம இருக்கவும் அது நல்லது. மோதிரத்தைக் கழட்டி வீட்ல வச்சுட்டுப் போங்க, விரல் வீங்கினா கழட்டவே முடியாது. மெட்டியைக் கொஞ்சம் விரிச்சு விட்டுக்கோங்க. கையில ரெண்டு மெல்லிசு வளையல், காதுல சின்னத் தோடு. வளைகாப்புக்குன்னு நகை நெறைய எடுத்துட்டுப் போறதா எழுதியிருக்கீங்க, அதுக்கு பில், ஃபோட்டோவோட கிளம்பற அன்னைக்கே சென்னை ஏர்போர்ட் கஸ்டம்ஸ்ல காமிச்சு ஏற்றுமதிச் சான்று வாங்கிடுங்க. திரும்பி வர்றப்போ இது அங்க வாங்கினதான்னு கேள்வி வந்தா அந்தக் காகிதம்தான் பேசும். அதுக்காகவே ஒரு மணி நேரம் முன்னாடி போங்க. புடவைக்குப் பாக்கெட் கிடையாது, அதனால பாஸ்போர்ட், மாத்திரை, ஃபோன் வைக்க குறுக்கால மாட்டிக்கற சின்னப் பை ஒண்ணு. முந்தானைக்குள்ள பர்ஸ் சொருகற பழக்கம் இருந்தா அன்னைக்கு மட்டும் விட்டுடுங்க.

இறங்குறப்போ அழகா இருக்கணும்னு கேட்டீங்களே

கேட்டது எனக்கு சந்தோஷம். சம்பந்தி முன்னாடி, மாப்பிள்ளை முன்னாடி, எல்லாத்துக்கும் மேல மகள் முன்னாடி களையா நிக்கணும்னு ஒரு அம்மா ஆசைப்படறதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல. நிறம் அடர்த்தியா எடுங்க, அரக்கு, கருநீலம், மயில் கழுத்துப் பச்சை, சாப்பாடு சிந்தினாலும் தெரியாது, டியூப்லைட் வெளிச்சத்துலயும் முகம் எடுப்பாத் தெரியும். ப்ளவுஸ் எதிர் நிறத்துல இருக்கட்டும். அரக்கு சுங்குடிக்கு மஞ்சள் ப்ளவுஸும் சாம்பல் நிறச் சால்வையும் போட்டுப் பாருங்க, கூட வர்றவங்க எங்க வாங்கினீங்கன்னு கேப்பாங்க. தலையைத் தளர்வாப் பின்னிக்கோங்க, உச்சியில கொண்டை போட்டா சீட்ல சாய முடியாது.

கைப்பையில இன்னொரு சுங்குடி, பாவாடை, ப்ளவுஸ், உள்ளாடை ஒரு செட் கண்டிப்பா இருக்கணும். பெட்டி வர லேட்டானாலும் கவலையில்ல. இறங்கறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி கூட்டம் வர்றதுக்குள்ள பாத்ரூம் போய் முகம் கழுவி, ப்ளவுஸை மட்டும் மாத்தி, கொஞ்சம் க்ரீம் தடவி, பொட்டு வச்சு, தலையைச் சீவிக்கிட்டா போதும், புடவையையே மாத்த வேணாம். க்ரீம் 100 மில்லிக்குள்ள இருக்கற டப்பாவா எடுத்துட்டுப் போங்க. மல்லிப்பூ வச்சுட்டுக் கிளம்பினா சரி, ஆனா மூடின எடத்துல அந்த வாசனை பக்கத்து சீட்காரங்களுக்குத் தலைவலி கொடுக்கும், அமெரிக்காவுல இறங்குறப்போ பூ, செடி எல்லாத்தையும் சொல்லிக் காமிக்கணும்னு வேற விதி இருக்கு. துபாய்லயே எடுத்துடுங்க.

போனதுக்கப்புறம்

வீட்டுக்குப் போய்ப் படுக்கறப்போ ஸ்டாக்கிங்ஸைக் கழட்டிடுங்க, காலைத் தலையணை மேல வச்சுக்கோங்க. ரெண்டு காலும் சமமா வீங்கியிருந்தா ஒண்ணு ரெண்டு நாள்ல வத்திடும். ஆனா ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலிச்சு, சூடாவோ சிவந்தோ இருந்தா, இல்ல திடீர்னு மூச்சு வாங்கினா, நெஞ்சு வலிச்சா, அன்னைக்கே ஆஸ்பத்திரி போகணும். மூச்சு, நெஞ்சுன்னா 911 க்கு ஃபோன். பயணம் முடிஞ்சு சில வாரம் கழிச்சுக் கூட இது வரலாம். மகள் நிறைமாசமா இருக்கா, அவளை எதுக்கு அலைய விடறதுன்னு நீங்க மறைச்சுடுவீங்கன்னு எனக்குத் தோணுது, அதனால இந்த ஒரு பத்தியை மட்டும் மாப்பிள்ளைக்கு அனுப்பி வச்சுடுங்க. மெடிக்கல் இன்ஷூரன்ஸ் எடுக்கறப்போ பி.பி., சுகர், வெரிகோஸ் மூணையும் மறைக்காம எழுதுங்க, மறைச்சா க்ளெய்ம் வராது.

இந்த வாரமே செய்ய வேண்டியது ரெண்டு. உங்க டாக்டர்கிட்ட பாதத்தையும் நாடியையும் காமிச்சு ஸ்டாக்கிங்ஸ் போடலாமான்னும் அம்லோடிபின் பத்தியும் கேட்டுட்டு வாங்க. டெய்லர்கிட்ட பாவாடைக்கு அளவு கொடுத்துடுங்க, ரெண்டு தைக்கச் சொல்லுங்க, ஒண்ணு துவைக்கறப்போ இன்னொண்ணு ஆகும். டாக்டர் ஸ்டாக்கிங்ஸ் வேணாம்னு சொன்னா எனக்கு மறுபடி எழுதுங்க, காலுக்கு வேற என்ன பண்ணலாம்னு பாத்துச் சொல்றேன்.